எக்செல் சூத்திரம் எழுதுவது நிரலாக்கம் ஆகாதா?

கேள்வி: கோத்தகிரிக்காரர்
கோத்தகிரி அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், சிறு விவசாயிகள் கொண்டுவரும் பசுந்தேயிலையின் எடைக் கணக்கை எக்செல்லில் பார்த்துவருகிறேன். மழை நாளில் இலையோடு தண்ணீரும் சேர்ந்து எடை காட்டும் என்பதால், சி2 கட்டத்தில் ‘ஈரம்’ என்று பதிந்திருந்தால் பி2-இல் உள்ள எடையில் பத்தில் ஒரு பங்கைக் கழிக்கவும், இல்லையேல் அப்படியே எடுத்துக்கொள்ளவும் இஃப் சூத்திரம் ஒன்றை நானே எழுதினேன். சென்ற மாதம் கோவையில் ஒரு நேர்காணலில், எச்டிஎம்எல்லும் எக்செல்லும் நிரல்மொழிகளே அல்ல என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எந்த அளவுகோலை வைத்து அப்படிச் சொல்கிறார்கள்?

பதில்: குன்னூர் வாசகர்
எச்டிஎம்எல்லைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது சரியே. வலைப்பக்கத்தில் இது தலைப்பு, இது பத்தி, இது படம் என்று அடையாளமிடுவதே அதன் வேலை. நிபந்தனை பார்த்துக் கணக்கிட அதில் வழியில்லை. (அதனால் அது தாழ்ந்த வேலை என்று பொருளில்லை.) பொதுவாகக் காட்டப்படும் அளவுகோல், 1936-இல் கணிதவியலாளர் ஆலன் டூரிங் விவரித்த கற்பனை எந்திரம். முடிவற்ற நாடாவில் குறிகளை எழுதியும் அழித்தும் நகரும் அந்த எந்திரம் கணக்கிடக்கூடிய அனைத்தையும் கணக்கிட வல்ல மொழியே முழுமையானது என்பார்கள். மைக்ரோசாஃப்ட் 2020 டிசம்பரில் அறிவித்த லாம்டா என்ற எக்செல் வசதியால், தன்னையே திரும்ப அழைத்து வேண்டிய மட்டும் கணக்கிடும் செயற்கூறுகளை, மேக்ரோ என்ற தனி நிரல் இல்லாமலே எழுத முடிவதால், எக்செல் சூத்திரமும் அதில் தேறிவிடுகிறது.

கோத்தகிரிக்காரர்
எங்கள் கணினியில் இருப்பது 2016 பதிப்பு. அதில் லாம்டா இல்லை. ஒருமுறை ‘ஈரம்’ என்பதற்குப் பின்னால் ஓர் இடைவெளி விழுந்து கழிவு ஏறாமல் போனதைக் கண்டுபிடித்து, மிகை இடைவெளியை நீக்கும் ட்ரிம் சேர்த்துச் சரிசெய்தேன். இவை கணக்கில் வராதா?

பதில்: உதகைவாசி
கட்டாயம் வரும். அந்த அளவுகோலை மட்டும் நம்ப வேண்டாம். அக்டா என்ற மொழி, எழுதிய நிரல் என்றாவது ஓடி முடியும் என்று சரிபார்த்த பிறகே அதை ஏற்கும். அதனால் டூரிங் எந்திரம் செய்யும் எல்லாவற்றையும் அது செய்யாது, ஆனாலும் அது நிரல்மொழியே. மறுபுறம், மேஜிக் த கேதரிங் என்ற சீட்டாட்டத்தின் விதிகளைக் கொண்டே டூரிங் எந்திரத்தை அமைக்கலாம் என்று 2019-இல் நிறுவினார்கள். அதை யாரும் நிரல்மொழி என்று அழைப்பதில்லை. நாளைக் காலை வரப்போகும், நீங்கள் இன்னும் கண்ணால் பார்க்காத மூட்டைக்கும் என்ன செய்ய வேண்டும் என்று இன்றே எழுதி வைத்தீர்கள்; பிழை வந்தபோது எடையை அல்ல, விதியைத் திருத்தினீர்கள். நான் நிரலாக்கம் என்று சொல்வது இதைத்தான்.