குறைஞ்ச விலை டிவிக்கு 4கே தேவையா, ஃபுல் எச்டி போதுமா?

ஆரையம்பதியான்:

வணக்கம் எல்லாருக்கும். அம்மா அப்பா இருக்கிற வீட்டுக்கு ஒரு டிவி எடுக்கணும். இருந்த பழைய 21 இஞ்சிப் பெட்டி டிவி போன மாசத்தோட முடிஞ்சிட்டு, படம் முழுக்க நடுவுல ஒரு வெள்ளைக் கோடா சுருங்கி அப்படியே நிண்டிட்டு, திருத்துறவர் கழட்டிப் பாத்திட்டு இதுக்கு இனிச் சாமான் எடுக்க ஏலா எண்டு சொல்லிட்டார். கையில 90 ஆயிரம் இரிக்கு, அதுக்கு மேல போக ஏலா. கட்டார்ல இருக்கிற அண்ணன் ஒவ்வொரு நாளும் வாட்ஸ்அப்புல எடுத்தா 4கே எடு, இல்லாட்டி எடுக்காத எண்டு நிக்கிறார்.

மட்டக்களப்பு டவுனுக்குப் போய் ரெண்டு மூண்டு கடை ஏறி இறங்கினன். என்ட காசுக்குள்ள வாறது இதுதான்: பேரே கேள்விப்படாத 43 இஞ்சி 4கே ஒண்டு, ஓரளவு தெரிஞ்ச பிராண்ட்ல 43 இஞ்சி ஃபுல் எச்டி ஒண்டு, நல்ல பிராண்ட்ல 32 இஞ்சி எச்டி ஒண்டு. கடையில எல்லாத்திலயும் மீனும் பூவும் ஓடுது, எல்லாம் வடிவாத்தான் தெரியுது, எதை வெச்சு முடிவெடுக்கிற எண்டுதான் விளங்கல்ல.

வீட்டு நிலவரத்தையும் சொல்றன். டிஷ் இரிக்கு. அப்பாக்கு நியூஸும் கிரிக்கெட்டும், அம்மாக்கு நாடகம், வெள்ளிக்கிழமையில யூடியூப்ல பக்திப் பாட்டு. அப்பாட சாய்மனைக் கதிரையில இருந்து டிவி வெக்கிற இடத்துக்கு டேப் பிடிச்சு அளந்தன், சரியா 10 அடி. அம்மா குசினி வாசல்ல இருந்து சரிவாப் பாக்கிறவ. அப்பாக்கு ரெண்டு கண்ணும் கட்டராக்ட் ஒப்பரேஷன் செஞ்சது, நியூஸுக்குக் கீழ ஓடுற எழுத்த வாசிக்க முடியல்ல எண்டுதான் அவருக்குப் பெரிய கவலை. அந்த எழுத்துக்காகவாவது 4கே எடுக்கத்தான் வேணுமா? தெரிஞ்சாக்கள் சொல்லுங்க.

கல்லடிப் பாலத்தடி:

தம்பி நீங்க தூரத்த அளந்து சொன்னது நல்லதாப் போச்சு, ஏனெண்டா ரெசலூஷன், அதாவது திரையில எத்தினை புள்ளி இரிக்கு எண்ட கதையில முக்காவாசி அந்த 10 அடிக்குள்ளதான் கிடக்கு. கணக்கு இதுதான், 6/6 பார்வை உள்ள கண்ணுக்கு 10 அடியில இருந்து பாக்கக்குள்ள கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர விடச் சின்னப் புள்ளி ரெண்டு பக்கத்துப் பக்கத்துல இருந்தா பிரிச்சுத் தெரியாது, ஒண்டாத்தான் தெரியும். 43 இஞ்சி ஃபுல் எச்டி டிவியில ஒரு புள்ளிட அகலம் அரை மில்லிமீட்டர். அதாவது இப்பவே கண்ணுக்குத் தெரியிற அளவ விடச் சின்னன். 4கேயில அது கால் மில்லிமீட்டர். கண்ணால பிரிக்க ஏலாத ஒண்ட இன்னும் பாதியாக்கி என்ன கிடைக்கப் போகுது? 43 இஞ்சியில 4கேட வித்தியாசம் கண்ணுக்குப் படணுமெண்டா அஞ்சு அஞ்சரை அடிக்குள்ள கதிரையப் போடணும், அப்பாட சாய்மனைக் கதிரைய அவ்வளவு கிட்ட இழுக்க அவர் சம்மதிப்பாரா தெரியா.

அப்பாட கண்ணுக்கு உதவப் போறது டிவிட சைஸ்தான். 32 இஞ்சியில இருந்து 43க்குப் போனா அதே எழுத்து மூண்டுல ஒரு பங்கு பெருசாத் தெரியும். 4கே எடுத்தா எழுத்து பெருசாகாது, ஓரம்தான் கூராகும், அதுவும் கிட்ட நிண்டு பாத்தா. அதால 32 இஞ்சிய முதல் விட்டிருங்க, எவ்வளவு நல்ல பிராண்ட் எண்டாலும் சரி.

மற்றது டிஷ்ல என்ன வருது எண்டதையும் பாக்கணும். சாதாரண எஸ்டி சனல் முழு அளவுல வந்தாலும் 720×576தான், 4கே திரை 3840×2160. பெருக்கிப் பாருங்க, சரியா 20 மடங்கு வரும். அந்தச் சனல 4கே டிவியில போட்டா ஒரு புள்ளிய வெச்சு 20 புள்ளிய டிவி தானா யோசிச்சு நிரப்பணும். நல்ல டிவியில அதுக்கு நல்ல சிப் இரிக்கு, பேர் தெரியாத டிவியில அந்த இடத்துலதான் காசக் குறைச்சிருப்பாங்க, ஆக்கள்ட முகமெல்லாம் மெழுகு பூசின மாதிரி வரும். யூடியூப்ல 4கே பாக்கலாம்தான், ஆனா டேட்டா? நெட்ஃபிளிக்ஸ்காரங்களே 4கேக்கு மணித்தியாலத்துக்கு 7 ஜிபி வரைக்கும் போகும், எச்டிக்கு 3 ஜிபி வரைக்கும் எண்டுதான் சொல்லி இரிக்காங்க. வீட்டுல 4ஜி ரவுட்டர் எண்டா இத யோசிங்க.

இன்னொண்டு. பெட்டியில ‘4கே சப்போர்ட்’ எண்டு அடிச்சிருந்தா நம்பிராதீங்க. 4கே வீடியோவ வாங்கிக் குறைச்சுக் காட்டும் எண்டதுதான் அதுட அர்த்தமா இருக்கலாம், திரை வெறும் 1366×768ஆ இருக்கும். பெனல் ரெசலூஷன் எண்ட வரியில 3840×2160 எண்டு இரிக்கா எண்டு பேப்பரக் கேட்டு வாங்கிப் பாருங்க.

சாய்ந்தமருது ரிப்பேர் கடை:

மனே, நான் டிவி திருத்துறவன், 15 வருசத்துக்கு மேல. என்ட மேசைக்கு வாற டிவியில ஒருத்தரும் இதுவரைக்கும் ரெசலூஷன் காணா எண்டு கொண்டு வரல்ல. வாறது ரெண்டே ரெண்டு சாமான்தான், ஒண்டு பேக்லைட், மற்றது மின்னல் அடிச்ச சர்க்கிட் போர்ட்.

பேக்லைட்டப் பத்திச் சொல்றன் கேளுங்க, ஏனெண்டா விலை குறைஞ்ச டிவியில இதுதான் முதல் போறது. திரைக்குப் பின்னால நீட்டு நீட்டுப் பட்டியா எல்இடி ஒட்டி இரிக்கும், ஒவ்வொரு எல்இடிக்கு மேலயும் சின்னக் கண்ணாடி மூடி மாதிரி ஒரு லென்ஸ். எல்லா எல்இடியும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா தொடுத்த மாலை மாதிரி, ஒண்டு அறுந்தா முழுத் திரையும் இருட்டு. சத்தம் கேக்கும் படம் இல்ல எண்டு தூக்கிட்டு வருவாங்க. ராவையில டோர்ச் ஒண்ட திரையோட சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க, உள்ளுக்க படம் மங்கலா அசையும். அப்ப பெனல் நல்லம், பேக்லைட்தான் போயிருக்கு, பயப்படாமத் திருத்தலாம். போன கிழமையும் ஒண்டு கழட்டினன், ஒண்டரை வருசம் ஓடின டிவி, கச்சான் வெக்கையில பசை இளகி மூண்டு லென்ஸ் கழண்டு அடியில கிடந்து உருளுது, திரையில மூண்டு இடத்துல வெள்ளை வெள்ளையாப் பொட்டு. அதுவும் 4கே டிவிதான்.

இதுக்கு மருந்து லேசு. வாங்கின அண்டைக்கே செட்டிங்ல போய் பேக்லைட்ட 60க்கு இறக்குங்க. கடையில எல்லாத்தையும் 100ல வெச்சுத்தான் காட்டுவாங்க, வீட்டுக்குள்ள அவ்வளவு வெளிச்சம் கண்ணுக்கும் கூடாது, எல்இடிக்கும் சூடு. 60ல ஓடினா நிறையக் காலம் நிக்கும்.

மின்னல் சீசன்ல பிளக்க மட்டும் இழுத்தாக் காணா. டிஷ் வயரையும் கழட்டணும். கரண்ட் வயர் கழண்டு கிடந்தும் டிஷ் வயரால வந்து எச்டிஎம்ஐ வயர் குத்துற இடம் எரிஞ்ச டிவி எத்தினையோ என்ட கையால போயிருக்கு. டிஷ் பெட்டிக்கும் டிவிக்கும் இடையில போற எச்டிஎம்ஐ வயரையும் சேத்துக் கழட்டிட்டா இன்னும் நல்லம். கடற்கரைக்குக் கிட்ட வீடெண்டா உப்புக் காத்து போர்ட்ல பச்சையாப் படியும், ஜன்னலுக்கு நேரா வெக்காதீங்க.

எதை எடுக்கிற எண்டு கேட்டா, எந்த டிவிக்கு கல்முனையிலயோ மட்டக்களப்புலயோ போர்ட்டும் பேக்லைட் பட்டியும் கிடைக்கோ அத எடுங்க. பேர் தெரியாத டிவி ஒண்டு போன வருசம் வந்திச்சு, அதுட போர்ட் நம்பர் கொழும்புல கூட ஒருத்தருக்கும் தெரியல்ல, மூண்டு மாசம் கடையில கிடந்து கடைசியில அந்தப் புள்ள வெறுங்கையோட தூக்கிட்டுப் போச்சு. எனக்கே மனசு கேக்கல்ல.

களுவாஞ்சிக்குடி டீச்சர்:

மற்றவங்க சொன்னத மறுக்கல்ல, ஆனா ரெசலூஷன் ஒண்டுக்குமே தேவையில்ல எண்டு தம்பி நினைச்சிரக் கூடாது. எங்கட வீட்டுல 32 இஞ்சி எச்டி டிவிய எடுத்துட்டு நாங்க பட்ட பாடு எனக்குத் தெரியும். மகள் ஏ எல் பயோ படிக்கிறா, லெப்டொப்ப எச்டிஎம்ஐ வயரால டிவிக்குக் குடுத்து மேசைக்கு மேல வெச்சு நாலடியில இருந்துதான் பாடம் பாக்கிற. கெமிஸ்ட்ரியில கீழ சின்னனாப் போடுற இலக்கம் ஒண்டும் தெரியாது, 2ஆ 3ஆ எண்டு மகள் என்னட்டக் கேப்பா, நான் எழும்பிக் கிட்டப் போய்ப் பாத்தாலும் அது ஒரு கறுத்தப் பொட்டுத்தான். லெப்டொப் அனுப்புறது 1920×1080, திரையில இருக்கிறது 1366×768, நசுக்கித்தானே காட்டும். பொறகு என்ட தம்பி வந்து செட்டிங்ல 1:1 மாதிரி ஒண்டப் போட்டு, லெப்டொப்லயும் அளவ மாத்தினாப் பொறகு கொஞ்சம் தெளிஞ்சிது, ஆனா முழுசா இல்ல.

அதால வீட்டுல படிக்கிற புள்ளைகள் இருந்து, டிவிய கிட்ட வெச்சு எழுத்து வாசிக்கிற தேவை இருந்தா ஃபுல் எச்டிக்குக் கீழ போகவே வேணாம். தம்பிட வீட்டுல அப்பா அம்மா மட்டும்தான் எண்டா பாலத்தடி அண்ணன் சொல்றது சரி.

வாழைச்சேனை:

ஆராவது அந்த அம்மாவப் பத்திச் சொல்லுவீங்க எண்டு பாத்தன். சரிவாப் பாக்கிற ஆள் இருந்தா கடையில நேர நிண்டு பாத்துட்டு வராதீங்க, பக்கத்துல போய் நிண்டு பாருங்க. டிவித் திரையில விஏ, ஐபிஎஸ் எண்டு ரெண்டு வகைப் பெனல் இரிக்கு. விஏ பெனல் நேர பாக்க கறுப்பு நல்ல கறுப்பா இருக்கும், சரிஞ்சு பாத்தா வெளிறும். ஐபிஎஸ் சரிவுல நல்லம், ஆனா ராவையில லைட்ட நூத்திட்டுப் பாத்தா கறுப்பு சாம்பல் மாதிரித்தான் தெரியும். பெட்டியையும் எறியாதீங்க, வாரண்டிக்குத் தூக்கிட்டுப் போகக்குள்ள தேவை.

ஆரையம்பதியான்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. ரெண்டு நாளா இத அண்ணனுக்கும் வாசிச்சுக் காட்டினன், அந்த 20 மடங்குக் கணக்கோட அவரும் அடங்கிட்டார்.

நேத்து அப்பாவையும் கூட்டிட்டுப் போனன். மீன் வீடியோவ நிப்பாட்டிட்டு டிஷ்ல நியூஸ் போடச் சொன்னன், கடைப் பெடியன் முதல் கொஞ்சம் யோசிச்சான், பொறகு போட்டான். அப்பாவ 10 அடி தள்ளி ஸ்டூல்ல இருத்திட்டு 4கேயிலயும் ஃபுல் எச்டியிலயும் ஒரே சனல மாறி மாறிப் போட்டம். ரெண்டுலயும் கீழ ஓடுற எழுத்த சத்தமா வாசிச்சார், ரெண்டுலயும் ஒரே மாதிரித்தான் தெரியுது எண்டார். 32ல போட்டா ‘மட்டக்’ எண்டதோட நிண்டிட்டார், எழுத்து ஓடிட்டு. நான் அம்மா இருக்கிற மாதிரி பக்கத்துல போய் நிண்டு பாத்தன், அந்தப் பேர் தெரியாத 4கேயில நாடகத்துல வாற பொம்பளைட முகம் சாம்பல் பூசின மாதிரி வெளிறிப் போச்சு, ஃபுல் எச்டியில அவ்வளவு இல்ல. பெனல் பேர் கடைக்காரருக்கும் தெரியா.

ஃபுல் எச்டிய எடுத்துட்டம். வாரண்டி 2 வருசம், திருத்துற இடம் மட்டக்களப்புலயே இரிக்கு எண்டு பில்லுல எழுதி வாங்கினன். பேக்லைட்ட 60க்கு இறக்கியாச்சு, சாய்ந்தமருது நானா. சுவத்துல ஆணி அடிச்சுக் கொழுவத்தான் யோசிச்ச, ஆனா மழைக்க அப்பாக்கு எட்டி வயர் கழட்ட ஏலாம இருக்கும், அதால மேசையிலயே வெச்சிட்டம்.