புதுப்பிப்பு: டைட்டானியம் மடக்குக் கத்தி, மலையேறி வந்த பிறகு

பை எடையைக் குறைக்க டைட்டானியம் மடக்குக் கத்தி வாங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வாங்கிவிட்டேன், உத்தரகாண்டில் உள்ள கேதார்காந்தா மலைக்கும் போய் வந்தாச்சு.

பிடி மட்டும்தான் டைட்டானியம், அலகு எஃகு. டைட்டானியம் எஃகைவிடச் சுமார் 40 சதவீதம் லேசு, ஆனால் அதில் கூர் நிற்காது. இதைச் சொன்னவர்களுக்கு நன்றி.

ஒரே தொல்லை, விரித்த அலகு தானாக மடங்காமல் தாங்கும் பிடியின் பூட்டு. முதல் வாரமே இறுகிவிட்டது. கட்டைவிரல் வலிக்கத் தள்ளினாலும் மடங்கவில்லை. டைட்டானியம் எஃகோடு உரசினால் இப்படித்தான் பற்றிக்கொள்ளுமாம். பூட்டு வந்து தொடும் அலகின் அடிப்பக்கத்தில் பென்சிலால் நாலு கோடு இழுத்தேன். கிராஃபைட் பட்டதும் சரியானது! சில நாளுக்கு ஒருமுறை திரும்ப இழுக்கிறேன்.

மலையில் வெட்டியது என்னவோ வெங்காயமும் கயிறும்தான். அப்புறம், விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள். செக்-இன் பெட்டியில் போடுங்கள்.