செக்கில் திருத்திக் கையெழுத்து போட்டும் ரிட்டர்ன் ஆயிடுச்சு, இப்போ என்ன பண்றது?

வைகைக்கரை:
வணக்கம். தங்கச்சி கல்யாணத்துக்கு மதுரையில மண்டபம் பேசியிருக்கோம். பாக்கி 85,000 ரூபாய்க்கு அப்பா செக் குடுத்தார். எழுத்துல "எண்பதாயிரம்"னு எழுதிட்டு, அப்புறம் அதை அடிச்சு சரிபண்ணி, பக்கத்துலயே ஒரு கையெழுத்தும் போட்டிருக்கார். கணக்குல பணம் இருக்கு. ஆனாலும் "திருத்தம் செல்லாது"னு மெமோவோட திரும்பிடுச்சு. "காலங்காலமா இப்படித்தான் போடுறேன், பாஸாகியிருக்கு"ங்கறார் அப்பா. மண்டப மேனேஜரோ பவுன்ஸ் கேஸ்னு மிரட்டுறார். புது செக்ல பெயரை மட்டும் காலியா விடணுமாம், "நாங்க சீல் வச்சுக்கிறோம்"ங்கறார். குடுக்கலாமா? அப்பா தமிழ்லதான் எழுதுவார், அதுல ஏதும் சிக்கல் வருமா?

மாசிவீதி:
சுருக்கக் கையெழுத்து போட்டிருப்பார், அதான் திருப்பியிருக்காங்க. அதே செக்ல முழுக் கையெழுத்தா போட்டுத் திரும்பக் குடுங்க.

பழைய கேஷியர்:
மாசிவீதி தம்பி, அது அந்தக் காலம். 2010 டிசம்பர்ல இருந்து சிடிஎஸ் கிளியரிங்ல, அதாவது செக்கோட படத்தை வச்சு வங்கிங்க பணம் தீர்த்துக்குற முறையில, போற செக்குல பெயர், தொகை எதையும் திருத்தக் கூடாது. எத்தனை கையெழுத்து போட்டாலும் எடுக்க மாட்டாங்க. தேதிக்கு மட்டும்தான் விலக்கு. இப்போ செக் காகிதம் வங்கிக்கு வங்கி போறதே இல்லை, அதோட படம்தான் போகுது. அடிச்சது யாருன்னு படத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது? அப்பாவுக்கு முன்னாடி பாஸானது சொந்தக் கிளையில கவுண்ட்டர்லயே குடுத்த செக்கா இருக்கும்.

கேஸுக்குப் பயப்பட வேண்டாம். செக் பவுன்ஸுக்கான சட்டத்தோட 138-வது பிரிவு பேசுறது கணக்குல பணம் பத்தாம திரும்புற செக்கைப் பத்தி. அதுக்கே, மெமோ வந்து 30 நாளுக்குள்ள அவங்க எழுத்துல நோட்டீஸ் அனுப்பணும். அது கைக்கு வந்த பிறகு பணம் கட்ட உங்களுக்கு 15 நாள் இருக்கு. பழைய செக்கைக் கையில வாங்கிக்கிட்டு புதுசைக் குடுங்க, விஷயம் முடிஞ்சுது.

தமிழ்ல தாராளமா எழுதலாம். இந்தி, ஆங்கிலம், அந்தந்த மாநில மொழி மூணுமே செல்லும்.

தெப்பக்குளம் அக்கா:
பெயரைக் காலியா விட்டுக் குடுக்கவே குடுக்காதீங்க தம்பி. கையெழுத்து போட்ட செக்ல பெயர் இல்லைன்னா, அது யார் கைக்குப் போகுதோ அவங்க பெயரை எழுதிக்கலாம். மேனேஜர் நல்லவராவே இருக்கட்டும், அவர் மேஜை டிராயரை எத்தனை பேர் திறப்பாங்களோ! மண்டபத்து பாஸ்புக் முதல் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, அதுல இருக்கிற மாதிரியே எழுதுங்க.

தொகை எழுதுறதுல ஒண்ணு கவனிங்க. தமிழ்ல "எண்பத்தைந்தாயிரம்"னு கொஞ்சம் தள்ளி ஆரம்பிச்சா, முன்னாடி "ஒரு லட்சத்து"னு சேர்க்க இடம் கிடைச்சிடும். கட்டத்துல 85,000-க்கு முன்னாடி ஒரு 1 போட்டுட்டா 1,85,000. அதனால கோட்டோட இடது ஓரத்தை ஒட்டியே ஆரம்பிச்சு, "மட்டும்"னு முடிச்சு, மிச்ச இடத்துல கோடு இழுத்துடுங்க. கட்டத்துல ₹ குறிக்கு ஒட்டி 85,000/-. இடது மேல் மூலையில ரெண்டு சாய்வுக் கோடு போட்டு நடுவுல "அக்கவுண்ட் பேயீ". பெயர்க் கோட்டு ஓரத்துல அச்சாகியிருக்கிற "பேரர்" (கொண்டு வர்றவர்)ங்கறதையும் அடிச்சுடுங்க. அது திருத்தக் கணக்குல வராது. அடியில நம்பர் அச்சடிச்ச வெள்ளைப் பட்டையில கையெழுத்து இறங்கக் கூடாது.

பேனாவும் உங்களோடதா இருக்கணும். சூடு பட்டா மறையுற மை வச்ச பேனாவை நீட்டி ஏமாத்துற ஆளுங்க இருக்காங்க.

கணினிக்காரன்:
இந்தக் காலத்துல செக் எதுக்கு? நெஃப்ட்ல அனுப்பிட்டுப் போங்க.

வைகைக்கரை:
சொல்லிப் பார்த்தாச்சு சார். மண்டபம் ஒரு டிரஸ்டோடது, செக்குன்னாத்தான் ரசீது போடுவாங்களாம். அப்பாவும் அந்தக் கட்சிதான் :)

பழைய கேஷியர்:
அப்போ பாசிட்டிவ் பே பண்ணிடுங்க. 2021 ஜனவரியில வந்தது. 50,000 ரூபாயும் அதுக்கு மேலயும் உள்ள செக்குக்கு நாமளா விரும்பிப் பதியலாம். 5 லட்சத்துல இருந்து கட்டாயமாக்க வங்கிகளுக்கு அனுமதி இருக்கு. செக் நம்பர், தேதி, பெயர், தொகையை வங்கி ஆப்ல முன்கூட்டியே குடுத்துட்டா, வர்ற செக்கை அதோட ஒத்துப் பார்ப்பாங்க. பெயர் காலியா இருந்தா எதைப் பதிவீங்க? மேனேஜர்கிட்ட இதையே காரணமா சொல்லுங்க, மனஸ்தாபம் வராது.

இன்னொண்ணு. செக் குடுத்தா ரெண்டு நாள் டைம் இருக்குன்னு அப்பா கணக்குப் போட வேண்டாம். 2025 அக்டோபர் 4-ல இருந்து காலையில போடுற செக் அன்னைக்கே பாஸாகலாம். பணம் முதல்லயே கணக்குல இருக்கட்டும்.

வைகைக்கரை:
பாஸ்புக் போட்டோ வந்துடுச்சு. போர்டுல இருக்கிற மண்டபப் பெயர் அதுல இல்லவே இல்லை, டிரஸ்ட் பெயர்தான் இருக்கு, அதுவும் ஒரு முழ நீளத்துக்கு! மண்டபப் பெயரையே எழுதியிருந்தா மறுபடி திரும்பியிருக்கும் போல. கோட்டுல இடம் பத்தலைன்னா சுருக்கலாமா?

தெப்பக்குளம் அக்கா:
சுருக்காதீங்க தம்பி, எழுத்தைப் பொடிசாக்கி முழுசா எழுதுங்க. ஆப்லயும் அதே பெயர். குடுக்குறதுக்கு முன்னாடி செக்கை ஒரு போட்டோ எடுத்துட்டு, செக் புக்ல இருக்கிற பதிவுத் தாள்லயும் நம்பரைக் குறிச்சு வையுங்க. ரசீது வாங்காம கிளம்பிடாதீங்க.