ஒரு தாள் கேட்டாலும் எண்ணிக் கொடுப்பார்: டவுன் ஹால் ரோடு பேப்பர் கடை நினைவுகள்

ஆரப்பாளையத்துக்காரி:

போன மாதம் அக்காள் மகன் கல்யாணத்துக்கு மதுரை போயிருந்தேன். ரயிலடியில் இறங்கி டவுன் ஹால் ரோட்டில் மெதுவாக நடந்தேன். கூடலழகர் தெப்பக்குளத்தைத் தாண்டியதும் கால் தானாக நின்றுவிட்டது. அங்கே இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். எனக்குத் தெரிந்து முப்பது வருஷத்துக்கு மேல் அந்த இடத்தில் இருந்தது எங்கள் பேப்பர் கடை. பலகையில் ஏதோ பெயர் எழுதியிருக்கும், யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. "பேப்பர் கடை" என்றால் போதும், ரிக்‌ஷாக்காரர் சரியாகக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

முன்பக்கம் முழுக்க ஆபீஸ் சாமான். ரீம் ரீமாக வெள்ளைத்தாள், கார்பன், டைப்ரைட்டர் ரிப்பன், ஸ்டாம்ப் பேட், ஃபைல், டேக், கோந்து பாட்டில், பார்சலுக்கு முத்திரை வைக்கிற அரக்கு. சிவப்புத் துணி போட்டு பைண்டு செய்த பேரேடுகள் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கும். ஆயுத பூஜை வந்தால் மாசி வீதி வியாபாரிகள் புதுக் கணக்குப் புத்தகம் வாங்க வரிசையில் நிற்பார்கள். நாலு படி ஏறினால் பின்கட்டு. அங்கேதான் பரிசுப் பொருட்கள். கண்ணாடி அலமாரிக்குள் சுவர்க்கடிகாரம், தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மை, பேனா செட், வாழ்த்து அட்டைகள். திறந்தால் பாட்டுப் பாடும் அட்டை ஒன்று எப்போதும் மேலேயே வைத்திருக்கும், சின்னப் பிள்ளைகள் திறந்து பார்ப்பதற்கு.

நான் 1982-இல் டைப்ரைட்டிங் ஜூனியர் படித்தேன். நிமிஷத்துக்கு 30 வார்த்தை அடிக்கவேண்டும். மெஷின் மட்டும்தான் இன்ஸ்டிடியூட்டில் தருவார்கள், தாள் நாம் கொண்டுபோகவேண்டும். அப்பா வேலை பார்த்த மில்லில் அப்போது பாதி நாள் வேலை இல்லை. ஒரு குயர், அதாவது 24 தாள், வாங்க என்னிடம் காசு இருக்காது. பத்துத் தாளுக்கு இருக்கும். சில நாள் ஆறு தாளுக்கு. முதல் தடவை போனபோது எனக்குப் பக்கத்தில் ஒரு பேங்க் பியூன் பெரிய ஆர்டர் சீட்டோடு நின்றார். அவருக்கு எடுத்துப்போட்டு முடித்த பிறகுதான் என் பக்கம் திரும்புவார்கள் என்று ஓரமாக ஒதுங்கினேன். கல்லாவில் இருந்த அண்ணாச்சி, "பாப்பா முன்னாடி வந்துச்சு, அதுக்கு என்னன்னு கேளுடா" என்று பையனிடம் சொன்னார்.

பையன் தாளை எண்ணினான். அண்ணாச்சி அதை வாங்கி மடிக்காமல் சுருட்டி, பழைய பேப்பரைச் சுற்றி, நூல் கட்டிக் கொடுத்தார். "மடிச்சா மெஷின்ல கோடு விழும் பாப்பா." அவ்வளவுதான். ஆறு தாளுக்கும் அதே நூல், அதே சுருட்டல். சீனியர் 45 வார்த்தை முடிக்கும்வரை அங்கேதான் வாங்கினேன். ஒரு நாள்கூட "இவ்வளவுதானா" என்று கேட்டதில்லை. இன்றைக்கு ஒரு உறை வேண்டுமென்றால் பாக்கெட்டாகத்தான் வாங்கவேண்டியிருக்கிறது. அப்போதெல்லாம் அந்தக் கடைதான் எனக்கு ஞாபகம் வரும்.

உங்களில் யாராவது அந்தக் கடைக்குப் போயிருந்தால் எழுதுங்கள். என் வீட்டில் இதைப் பேச இப்போது ஆள் இல்லை.

செல்லூர் தம்பி:

அக்கா, போயிருக்கேன். எங்க பெரியப்பாவுக்கு அந்தப் பக்கம்தான் வேலை.

ஆறாம் வகுப்பில் முதல்முதலாக இங்க் பேனா கொடுத்தார்கள். காலாண்டுத் தேர்வுக்கு முதல் நாள் கீழே போட்டு நிப்பு வளைந்துவிட்டது. அழுதுகொண்டே பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டு போனேன். அங்கே ஓர் ஓரத்தில் பேனா ரிப்பேர் பார்க்க ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார், உங்களுக்கு நினைவிருக்கும். நிப்பை உருவி எடுத்து, கட்டைவிரல் நகத்தில் வைத்து மெல்ல நீவி, ஒரு கண்ணாடித் துண்டில் எட்டுப் போடுகிற மாதிரித் தேய்த்தார். அப்புறம் இங்க் நிரப்பி என்னிடம் கொடுத்து, "ஒம் பேரு எழுது" என்றார். எழுதினேன். "இன்னொருக்கா எழுது." எழுதினேன். பேனாவின் கழுத்தில் வழிந்த மையை சாக்பீஸால் ஒற்றிவிட்டு, "புது நிப்பு வேண்டாம்யா, இது ஓடும்" என்று பெரியப்பாவிடம் சொன்னார். இங்க் நிரப்பினதுக்கு மட்டும் பத்துப் பைசா வாங்கினார்கள்.

புது நிப்பு விற்றிருந்தால் கடைக்குக் காசு. இதை நான் பெரியவனாகி, சொந்தமாக ஒரு கடை வைத்த பிறகுதான் யோசித்தேன்.

பரங்குன்றம் வாத்தியார் (ஓய்வு):

நான் வேலை பார்த்த பள்ளியில் வினாத்தாள் எல்லாம் சைக்ளோஸ்டைல்தான். இப்போதுள்ள பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளை டைப்ரைட்டரில் மாட்டி, ரிப்பன் படாதபடி லீவரைத் தள்ளி வைத்துவிட்டு அடிக்கவேண்டும். எழுத்து பட்ட இடத்தில் மெழுகு விலகும். அதை உருளையில் சுற்றிக் கைப்பிடியைச் சுழற்றினால் அந்த இடுக்கு வழியாக மை இறங்கித் தாளில் பதியும். தப்பாக அடித்துவிட்டால் நகப்பூச்சு வாசம் அடிக்கும் ஒரு சிவப்புத் திரவத்தைத் தடவி, காய்ந்த பிறகு மேலேயே திரும்ப அடிக்கவேண்டும்.

ஒரு அரையாண்டுத் தேர்வின்போது, மறுநாள் காலை கணக்குப் பரீட்சை, ராத்திரி ஸ்டென்சில் நடுவில் கிழிந்துவிட்டது. பள்ளியில் வேறு இல்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு டவுன் ஹால் ரோடு வந்து சேர்ந்தபோது கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து குரல் கொடுத்தேன். ஒரே ஒரு ஸ்டென்சில் வேண்டும், பெட்டியாக வாங்கத் தலைமையாசிரியர் கையெழுத்து வேண்டும், அவர் ஊரில் இல்லை என்று சொன்னேன். அண்ணாச்சி பெட்டியைப் பிரித்து இரண்டு தாள் எடுத்துக் கொடுத்தார். "ஒண்ணு கேட்டீங்க சார். ராத்திரி அவசரத்துல இன்னொண்ணும் கிழியும். கிழியலைன்னா திருப்பிக் கொண்டாந்து கொடுங்க." அவர் சொன்ன மாதிரியே கிழிந்தது. இரண்டாவது ஸ்டென்சிலில்தான் வினாத்தாள் வந்தது.

இன்னொன்றும் அவரிடம்தான் கற்றேன். நோட்டு ஏன் 96 பக்கம், 192 பக்கம் என்று இருக்கிறது, முழுசாக 100, 200 என்று ஏன் இல்லை என்று ஒரு மாணவன் வகுப்பில் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அண்ணாச்சி சிரிக்காமல் சொல்லிக்கொடுத்தார்: ஒரு குயர் என்றால் 24 தாள். இரண்டாக மடித்தால் 48 இலை, இலைக்கு இரண்டு பக்கம், ஆக 96. இரண்டு குயர் 192. இருபது குயர் சேர்ந்தால் ஒரு ரீம், 480 தாள். பின்னாளில்தான் ரீம் 500 ஆனது. மறுநாள் அதை அப்படியே கரும்பலகையில் போட்டேன். வருஷா வருஷம் அந்தப் பாடத்தை எடுத்தேன்.

வில்லாபுரம்:

எனக்கு வாசனைதான் முதலில் வருகிறது. புதுத்தாள், கோந்து, அரக்கு, சாயங்காலம் சாமி படத்துக்கு ஏற்றுகிற ஊதுபத்தி. மார்கழி கடைசியில் சிவகாசியிலிருந்து பொங்கல் வாழ்த்து வந்து இறங்கும்போது அச்சு மை வாசமும் சேர்ந்துகொள்ளும். உறையை ஒட்டாமல் மூடியை உள்ளே சொருகிவிட்டால் புக் போஸ்ட், தபால்தலை குறைவு என்று எங்கள் அம்மாவுக்குச் சொன்னதும் அங்கேதான். இருபது வீட்டுக்கு அனுப்புவோம். எல்லா வாழ்த்திலும் கரும்பு, மாடு, சூரியன். எதை யாருக்கு என்று பிரிப்பதற்கே எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி ஆகும்.

உசிலம்பட்டிக்காரன்:

இதைப் படித்துவிட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து எங்கள் மொய் நோட்டை எடுத்தேன். 1994, தங்கச்சி கல்யாணம். அப்பா என்னை மதுரைக்கு அனுப்பி, "ஒரு நல்ல நோட்டா வாங்கியா" என்றார்.

கடையில் போய் மொய் நோட்டு வேண்டும் என்றேன். அண்ணாச்சி எடுத்துத் தரவில்லை. "எத்தனை பத்திரிகை அடிச்சீங்க?" என்று கேட்டார். அறுநூறு என்றேன். "எத்தனை ஊரு?" பதினாலு, பதினைந்து இருக்கும் என்றேன். "எழுத எத்தனை பேரு உக்காருறாங்க?" அதையெல்லாம் நாங்கள் யோசிக்கவே இல்லை. அவரே சொன்னார்: ஒரு நோட்டு, ஒரு ஆள் என்றால் பந்திக்குப் போக வேண்டிய சனம் மொய் மேசையிலேயே நிற்கும். ரெண்டு நோட்டு வாங்கு. தாய்மாமன் வழி, பங்காளிகள் ஒன்றில், மற்றவர்கள் இன்னொன்றில். ஊருக்கு ஊர் பக்கம் ஒதுக்கி மேலே ஊர்ப் பெயரை முன்கூட்டியே எழுதி வை. பிறகு திருப்பிச் செய்யும்போது தேட வேண்டியதில்லை.

நான் சட்டைப் பையில் இங்க் பேனா வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, "இதால எழுதாதீங்க தம்பி. பன்னீர் தெளிச்ச கை, சந்தனம் தொட்ட கை, எல்லாரும் நோட்டு மேலதான் வைப்பாங்க, மை கரைஞ்சிரும்" என்று சொல்லி இரண்டு பால்பாயிண்ட் பேனா எடுத்துக் கொடுத்தார். இரண்டு நோட்டின் மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்து, தாளில் பொதிந்து தந்தார்.

முப்பது வருஷமாகிவிட்டது. சந்தனக் கறை பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. ஒரு பெயர்கூட அழியவில்லை. இன்றைக்கும் ஒரு வீட்டு விசேஷம் என்றால் இந்த நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறோம். எழுதின இரண்டு பேரில் ஒருவர் இல்லை. கையெழுத்து இருக்கிறது.

செல்லூர் தம்பி:

கடையை ஏன் மூடினார்கள் என்று யாருக்காவது தெரியுமா?

ஆரப்பாளையத்துக்காரி:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன்.

தம்பி, கடைசியாக நான் போனது 2000-களின் நடுவில். அதற்குள் கம்ப்யூட்டர் வந்து டைப்ரைட்டர் போய்விட்டது. ஜெராக்ஸ் வந்ததும் கார்பனும் ஸ்டென்சிலும் கேட்க ஆள் இல்லை. பெரிய ஆபீஸ்கள் மொத்தமாக வேறு இடத்தில் வாங்க ஆரம்பித்தன. அண்ணாச்சிக்குக் கண் தெரியவில்லை. பிள்ளைகள் வெளியூரில் நல்ல வேலையில் இருந்தார்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, அவர் படிக்கவைத்த பிள்ளைகள்தானே. அலமாரி பாதி காலி. ஆனாலும் ஒருவர் வந்து ஒற்றை மொய்க் கவர் கேட்டார், பையன் எடுத்துக் கொடுத்ததைப் பார்த்தேன்.

முதலில் எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன். வாத்தியார் ஐயாவும் உசிலம்பட்டி அண்ணனும் எழுதினதைப் பார்த்த பிறகு சொல்லத் தோன்றுகிறது.

வேலை கிடைத்து முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு பேனா வாங்கப் போனேன். பேனாவில் பெயர் வெட்டித் தருவார்கள் இல்லையா? அச்செழுத்தா, கையெழுத்தா என்று அண்ணாச்சி கேட்டார். அப்பா கையெழுத்து மாதிரியே வெட்ட முடியுமா என்றேன். மாதிரி இருந்தால் முடியும் என்றார். வீட்டுக்கு ஓடிப்போய் என்னுடைய பழைய பிராகிரஸ் ரிப்போர்ட்டை எடுத்துவந்தேன். அதில் மாதாமாதம் அப்பா தமிழில் போட்ட கையெழுத்து இருக்கும். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், ஒவ்வொரு எழுத்தாகத்தான் எழுதுவார்.

நிப்பு நீவுவார் என்று தம்பி எழுதியிருக்கிற அதே பெரியவர்தான் வெட்டினார். ரிப்போர்ட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கடைசி 'ன்'னுக்குப் புள்ளி இல்லையேம்மா. வச்சிரவா?" என்று கேட்டார். எந்த மாதக் கையெழுத்திலும் புள்ளி இல்லை. அப்பா வைக்கவே மாட்டார். நான் பதில் சொல்வதற்குள் கல்லாவிலிருந்து அண்ணாச்சி, "அவர் போடுறது எப்படியோ அப்படியே வெட்டுங்க" என்றார்.

அந்தப் பேனா இப்போது என் மேசை டிராயரில் இருக்கிறது. புள்ளி இல்லாமல்.