ஆறு மாதக் கணக்கில் விழாத ஒருவரை எந்த ஊரில் எழுதுவது?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் எம்.ஏ. ஆய்வுக்காக வீடு வீடாகக் கணக்கெடுக்கிறேன். தேசியத் தொழிலாளர் கணக்கெடுப்பான பி.எல்.எஃப்.எஸ். 2020-21இன் இடப்பெயர்வுக் கேள்விகளை ஒட்டிய படிவம். ‘கடைசியாக வழக்கமாக வசித்த இடம்’ என்ற கட்டத்தில் வேலை நின்றுவிட்டது. தொடர்ந்து 6 மாதமாவது தங்கியிருந்தால்தான் அது வழக்கமான வசிப்பிடம்.

இந்தக் கேரள-தமிழ்நாட்டு எல்லையோரத்தில் அப்படி யார் தங்குகிறார்கள்? ஒருவர் தை முதல் சித்திரை வரை பொள்ளாச்சி கயிறு மில்லில். படுக்கையும் மில் கொட்டகையிலேயே. பிறகு வேலந்தாவளம் சந்தையில் மூட்டை தூக்குகிறார். அதுவும் ஓய்ந்தால் கோவையில் கட்டட வேலை. ரேஷன் அட்டை இங்கே, தாய் வீட்டு முகவரியில். மனைவி, பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பக்கம் கோபாலபுரத்தில்.

ரேஷன் அட்டைப்படி எழுதிப் பார்த்தேன். பலர் ஊரைவிட்டே நகராதவர்கள் ஆகிவிட்டார்கள். ஓராண்டில் அதிக நாள் தங்கிய ஊரைக் கேட்டேன். தூங்கிய ஊரும் கூலி வாங்கிய ஊரும் கலந்து வந்தன. 2020 மார்ச்சுக்குப் பின் வந்து 15 நாள் முதல் 6 மாதத்துக்குள் தங்கியவர்களுக்கு அந்தக் கணக்கெடுப்பில் ‘தற்காலிக வருகையாளர்’ என்ற பிரிவு உண்டு. சொந்த ஊருக்கே திரும்பித் திரும்பி வருபவர் எப்படி வருகையாளர் ஆவார்? ‘இதர’ என்று போடச் சொல்கிறார் வழிகாட்டி. போட்டால் ஆய்வு முழுவதும் இதரமாகிவிடும்.

களப்பணி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: இவருக்குக் குடும்பம் இருக்கும் ஊரை எழுதுவதா, எப்போதோ கடைசியாக 6 மாதம் தொடர்ந்து தங்கிய ஊரைத் தேடி எழுதுவதா?