ஸான்சே ஸ்கான்ஸ் போகிறவர்களுக்கு: காற்றடிக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள், ஆலைக்குள் ஏறிப் பாருங்கள்

நெதர்லாந்தில் இருக்கும் எங்களைப் பார்க்க ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் கேட்பது காற்றாலையைத்தான். ஆம்ஸ்டர்டாமிலிருந்து காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்ப வேண்டுமென்றால், ஸான் ஆற்றங்கரையில் பழைய காற்றாலைகள் நிற்கும் ஸான்சே ஸ்கான்ஸ்தான் சௌகரியம். ஆனால் அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் பேருந்திலிருந்து இறங்கி, ஆற்றங்கரை ஆலைகளுக்கு முன்னால் படம் எடுத்து, மரக்காலணிக் கடையிலும் சீஸ் கடையிலும் ஒரு சுற்று சுற்றிவிட்டு ஒன்றரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். ஓடுகிற ஆலை ஒன்றுக்குள் தலையை நீட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

போகிற வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரலில் ஊய்ட்கேஸ்ட் பக்கம் போகும் ஸ்ப்ரிண்டர் ரயிலில் ஏறினால் இருபது நிமிடத்துக்குள் 'ஸான்டைக் ஸான்சே ஸ்கான்ஸ்' நிலையம். அங்கிருந்து கால் மணி நேர நடை. காற்று வாகாக அடித்தால் நிலையத்தில் இறங்கியதுமே கோகோ வாசனை மூக்கில் ஏறும். இந்தப் பகுதியில் இன்றும் கோகோ அரைக்கும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. யூலியானா பாலத்தில் ஏறினால் ஸான் ஆறும், அக்கரையில் வரிசையாக நிற்கும் ஆலைகளும் ஒரே பார்வையில் கிடைக்கும். பாலத்தின் மேல் காற்று ஆளைத் தள்ளும். கோடையாக இருந்தாலும் ஒரு ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா கோவையில் லேத் பட்டறை நடத்தியவர். இங்கே வந்த நாளிலிருந்து கால்வாய், அருங்காட்சியகம் என்று எங்கே கூட்டிப்போனாலும் "நல்லாருக்கு கண்ணு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஸான்சே ஸ்கான்ஸில்தான் ஆள் மாறிப்போனார்.

நாங்கள் முதலில் நுழைந்தது 'டி காட்', அதாவது பூனை என்று பேர் வைத்த ஆலை. சாயமும் நிறப்பொடியும் அரைக்கிற ஆலை. காற்றின் பலத்தில் இன்றும் நிறப்பொடி அரைத்து விற்கும் ஆலை உலகத்திலேயே இது ஒன்றுதான் என்கிறார்கள். 1646இல் எண்ணெய் ஆலையாகக் கட்டப்பட்டு, 1782இல் தீக்கு இரையாகி, மறுபடி எழுந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதி இடிக்கப்பட்டு, 1960இல் வேறொரு பழைய ஆலையின் மேல்பகுதியைக் கொண்டுவந்து வைத்துப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். உள்ளே போனதும் கண்ணில் படுவது செங்குத்தாக நிற்கும் இரண்டு கல் சக்கரங்கள். ஒவ்வொன்றும் டன் கணக்கில் எடை. வட்டமான கல் மேடையில் அவை உருண்டு உருண்டு வெள்ளைச் சுண்ணக்கட்டியை மாவாக்கிக்கொண்டிருந்தன. மின்சாரமும் இல்லை, எஞ்சினும் இல்லை. மரம் மரத்தோடு உரசும் கிறீச் சத்தம் மட்டும்தான். தரை லேசாக அதிர்வது பாதத்தில் தெரிந்தது.

அப்பா அந்தக் கல்லை ஒரு நிமிடம்தான் பார்த்தார். அப்புறம் தலையைத் தூக்கி மேலே பார்க்க ஆரம்பித்துவிட்டார். இறக்கைகளைத் தாங்கும் அச்சிலிருந்து நடுத்தண்டு வழியாகச் சுழற்சி கீழே இறங்குகிறது. அந்தத் தண்டில் படுக்கைவாட்டில் ஒரு பெரிய பல் சக்கரம், அதோடு பல் கோத்துச் சுழலும் இன்னொரு சக்கரம். எல்லாமே மரம், பற்கள் உட்பட.

"கேளு கண்ணு, ரெண்டு சக்கரத்துலயும் பல்லு எத்தனைன்னு அவர்கிட்டக் கேளு" என்றார்.

ஆலையை ஓட்டிக்கொண்டிருந்தவர் நரைத்த தாடிக்காரர், நீலச் சட்டை, மரக்காலணி. நான் ஆங்கிலத்தில் கேட்டதும் கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தார். பற்களின் எண்ணிக்கையை யாரும் கேட்பதில்லை போல. அவர் பதில் சொல்வதற்குள் அப்பாவே கையை ஆட்டி விளக்க ஆரம்பித்தார். "ரெண்டு எண்ணும் ஒரே எண்ணால வகுபடக் கூடாது. வகுபட்டா அதே பல்லு அதே பல்லையே திரும்பத் திரும்ப முட்டும். ஒண்ணு கோணலா இருந்தா எதிர்ப்பல்லு மட்டும் தேஞ்சே போயிரும்." நான் மொழிபெயர்த்து முடிக்கவில்லை, ஆலைக்காரர் அப்பாவின் தோளில் கை வைத்துவிட்டார். அந்தக் காலத்து ஆலைத் தச்சர்கள் பார்த்ததும் இதே கணக்கைத்தானாம். எல்லாப் பல்லும் எல்லாப் பல்லையும் முறை வைத்துச் சந்திக்க வேண்டும், அப்போதுதான் தேய்மானம் சமமாக இருக்கும். உடைந்தால் ஒற்றைப் பல்லை மட்டும் கழற்றி வேறு மாட்டலாம், சக்கரத்தைத் தொட வேண்டியதில்லை.

அப்புறம் எனக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. கிரீஸ் எது என்று அப்பா விரல்களைத் தேய்த்துக் காட்டிக் கேட்க, அவர் ஒரு மூலையிலிருந்து மஞ்சள் கட்டி ஒன்றை எடுத்து அப்பாவின் கையில் வைத்தார். தேன்மெழுகு. பற்களுக்கு அதைத்தான் தேய்க்கிறார்கள். மேலே பிரதான அச்சு கல் தாங்கியில் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு மட்டும் பன்றிக் கொழுப்பு. அப்பா மெழுகை முகர்ந்து பார்த்து, நகத்தால் கீறிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். நாற்பது வருடம் கிரீஸும் கட்டிங் ஆயிலும் புழங்கிய கை அது.

மேலே போகும் ஏணி நல்ல செங்குத்து. இறங்கும்போது ஏணியைப் பார்த்தபடி, பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். சேலை கட்டி வருகிறவர்களுக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் கஷ்டம், கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏற முடிந்தவர்கள் தயவுசெய்து ஏறுங்கள். வெளியே ஆலையைச் சுற்றி மரப்பலகை மேடை ஒன்று உண்டு. அதில் நிற்கும்போது இறக்கைகள் பக்கத்திலேயே 'வ்வூம், வ்வூம்' என்று இறங்கி ஏறும். தடுப்பைத் தாண்டிக் கையைக்கூட நீட்டாதீர்கள், அந்த இறக்கை அடித்தால் பிழைக்க முடியாது.

அந்த மேடை வேடிக்கை பார்ப்பதற்காகக் கட்டியது இல்லை. காற்று திசை மாறினால் ஆலையின் தலைப்பகுதியை இறக்கைகளோடு சேர்த்துத் திருப்ப வேண்டும். தலையின் பின்னாலிருந்து வால்போல் இறங்கும் உத்தரங்களின் அடியில் ஒரு சக்கரம் இருக்கிறது. அதை ஆலைக்காரர் கையாலும் காலாலும் மிதித்துச் சுழற்றித்தான் தலையைத் திருப்புகிறார். காற்று குறைந்தால் இறக்கைச் சட்டங்களின் மேல் பாய்மரத் துணியை விரிக்கிறார். அதிகமானால் சுருட்டிக் கட்டுகிறார். வானத்தின் மேல் ஒரு கண் எப்போதும் இருக்கும். எங்களோடு பேசிக்கொண்டே மேற்கே கறுத்து வந்த மேகத்தைப் பார்த்தவர், சட்டென்று கயிற்றை இழுத்துப் பிடித்து இறக்கைகளை நிறுத்தினார். மேலே பெரிய சக்கரத்தைச் சுற்றி மரத்துண்டுகளால் ஆன பிரேக் இருக்கிறதாம், கயிறு அதற்குத்தான். பத்து நிமிடத்தில் மழை சடசடவென்று கொட்டியது. நின்ற பிறகு மறுபடி ஓடவிட்டார். காற்றாலை, நீராலை ஓட்டும் இந்தக் கைத்தொழிலை யுனெஸ்கோ 2017இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. மேடையில் நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது.

மழைக்கு ஒதுங்கியபோது அவர் சொன்ன இன்னொரு விஷயம். நிறுத்திய இறக்கைகளும் பேசும். முன்னால் நின்று பார்த்தால் டச்சு ஆலைகள் இடஞ்சுழியாகச் சுற்றும். மேலே வரும் இறக்கை உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்னால் நிறுத்தினால் ஆலைக்காரர் வீட்டில் கல்யாணம், குழந்தை பிறப்பு என்று ஏதோ மகிழ்ச்சி. உச்சியைத் தாண்டிச் சற்றே சாய்ந்து நின்றால் துக்கம். 2014 ஜூலையில் எம்எச்17 விமானம் உக்ரைன் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் இந்த நாட்டுக்காரர்கள். உடல்கள் வந்து சேர்ந்த நாளில் நாடு முழுக்க ஆலைகள் துக்க நிலையில் நின்றனவாம். அப்பா எதுவும் சொல்லவில்லை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அடுத்தது 'டி ஸூக்கர்', எண்ணெய் ஆலை. வாசலிலேயே ஆளி விதை எண்ணெய் வாசனை. உருளைக் கல்லில் விதையை நசுக்கி, அடுப்பின் மேல் சூடாக்கி, கம்பளிப் பையில் அடைத்து, இரண்டு பக்கமும் ஆப்பு வைத்து, மேலிருந்து விழும் கனத்த மர உலக்கையால் அந்த ஆப்பை அடித்து இறுக்குகிறார்கள். 'டம்... டம்' என்று நெஞ்சுக்கூட்டில் இடிக்கும். எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கும். பிழிந்த பிறகு பையிலிருந்து எடுப்பது சாட்சாத் நம்மூர்ப் புண்ணாக்கு, இங்கேயும் மாட்டுக்குத்தான் போகிறது. இந்தச் சத்தத்தில் காலம் தள்ளியதால் எண்ணெய் ஆலைக்காரர்களுக்குக் காது மந்தமாகிவிடும் என்பது இந்தப் பகுதியில் பழைய பேச்சு. குழந்தைகள் பயந்தால் வெளியே கூட்டிப்போய்விடுங்கள்.

மரம் அறுக்கும் ஆலையையும் விட்டுவிடாதீர்கள். 'ஹெட் யோங்கே ஸ்காப்' பார்க்கப் புதிதாக இருக்கும். பழையது 1942இல் இடிக்கப்பட்டது, அதே வடிவில் 2007இல் மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். தண்ணீரில் மிதக்கும் அடிமரத்தைக் காற்றின் பலத்தாலேயே உள்ளே இழுத்து, மேலும் கீழும் ஆடும் வாள் சட்டத்துக்குள் செலுத்துகிறார்கள். இறக்கையின் சுற்றும் அசைவை இப்படி மேலும் கீழுமாக மாற்றும் வளைதண்டை மர ஆலைக்குப் பயன்படுத்தி 1593இல் காப்புரிமை வாங்கியவர் கோர்னெலிஸ் கோர்னெலிசோன், பக்கத்து ஊய்ட்கேஸ்ட் ஊர்க்காரர். ஆம்ஸ்டர்டாமில் கை ரம்பக்காரர்களின் சங்கம் காற்றில் ஓடும் ரம்பத்தை எதிர்த்தது, ஸான் கரையோ அதற்கு இடம் கொடுத்தது. பலகை மலிவானதும் கப்பல் கட்டுவது இங்கே பெருகியது. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தச் சின்னப் பகுதியில் மட்டும் 600க்கு மேற்பட்ட ஆலைகள். மரம், எண்ணெய், காகிதம், கடுகு, சாயம், அரிசி எல்லாம் காற்றில் ஓடின. ரஷ்யப் பேரரசர் பீட்டர் 1697இல் கப்பல் கட்டக் கற்றுக்கொள்ள இந்தப் பகுதியின் ஸான்டாம் ஊருக்கு வந்து தங்கியதும் இதனால்தான். அவர் தங்கிய மரவீடு இன்றும் இருக்கிறது. அதனால் இதை அழகான கிராமம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இது ஐரோப்பாவின் முதல் தொழிற்பேட்டைகளில் ஒன்று. அப்பாவுக்கு அது நுழைந்த உடனே புரிந்தது, சுற்றிலும் நிற்கும் பச்சை மரவீடுகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பச்சை வீடுகள் பெரும்பாலும் வேறு இடங்களிலிருந்து வந்தவை. 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் ஸான் பகுதியில் இடிபட இருந்த மரவீடுகளையும் களஞ்சியங்களையும் வண்டியிலும் படகிலும் ஏற்றி இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவற்றில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. நாங்கள் போன அன்று ஒரு பாட்டி தன் வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க, சிலர் வேலிக் கதவைத் திறந்து உள்ளே போய் ஜன்னல் வழியாகப் படம் எடுத்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, திரையை மட்டும் இழுத்து மூடினார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்த ஊருக்கு ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல் ஆள் வருகிறது. வேலி இருந்தால் அது ஒருவரின் வீடு.

செலவு பற்றிக் கேட்பவர்களுக்கு: நாங்கள் போனபோது தெருக்களில் நடக்கக் கட்டணம் இல்லை, ஒவ்வொரு ஆலைக்கும் தனித்தனியாகச் சின்னத் தொகை. கட்டண முறையை மாற்றுவது பற்றிப் பேச்சு இருக்கிறது, கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சாப்பாட்டு விலை அதிகம். நாங்கள் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய் ஆற்றங்கரை பெஞ்சில் சாப்பிட்டோம். காலை பத்து மணிக்கு முன்னால் போய்விட்டால் பேருந்துக் கூட்டம் வருவதற்குள் ஒரு ஆலையையாவது நிதானமாகப் பார்க்கலாம். காற்றே இல்லாத நாளில் இறக்கைகள் சும்மா நிற்கும். முதல் நாள் இரவு வானிலை பார்த்து, காற்று இல்லையென்றால் அன்றைக்கு அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு இதை அடுத்த நாளைக்குத் தள்ளி வையுங்கள்.

கிண்டர்டைக்கா, ஸான்சே ஸ்கான்ஸா என்று கேட்டால்? கிண்டர்டைக் ரோட்டர்டாமுக்குப் பக்கம், அங்கிருந்து படகிலேயே போகலாம். 1740 வாக்கில் கட்டிய ஆலைகள் உட்பட 19 ஆலைகள், யுனெஸ்கோ பட்டியலில் 1997இல் சேர்ந்தது. அவை அரைப்பதற்கல்ல, பள்ளமான நிலத்திலிருந்து தண்ணீரை மேலே இறைப்பதற்கு. கண்ணுக்கு அதுதான் அழகு, அகன்ற வாய்க்கால், நாணல், வரிசையாக ஆலைகள். நடக்கப் பிடிக்கும் என்றால் அங்கே போங்கள். இயந்திரம் வேலை செய்வதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் என் ஓட்டு ஸான்சே ஸ்கான்ஸுக்குத்தான்.

இன்னொன்று. நாடு முழுக்க ஆயிரத்துக்கு மேல் பழைய ஆலைகள் மிஞ்சியிருக்கின்றன, பல ஊர்களில் தன்னார்வலர்கள்தான் ஓட்டுகிறார்கள். ஆலையில் நீலக் கொடி தொங்கினால் உள்ளே வரலாம் என்று அர்த்தம். மே மாதம் இரண்டாம் வார இறுதியில் தேசிய ஆலை நாள், அன்று ஏராளமான ஆலைகள் திறந்திருக்கும். அப்பா அடுத்த முறை வரும்போது ஸ்கீடாம் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். உலகத்திலேயே உயரமான பழங்காலக் காற்றாலைகள் அங்கேதான். உள்ளே ஏறிப் பார்த்தவர்கள் இருந்தால் எந்தக் கிழமையில் ஓட்டுகிறார்கள், ஏணி எப்படி என்று எழுதுங்கள். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது.