லயத்துக் கொல்லை யாருக்குச் சொந்தம்?

லயத்துப் பிள்ளை:
மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு தோட்டம் கைமாறிவிட்டது, பெயர் வேண்டாம். கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது, இப்போது வீடமைப்புத் திட்டம் வருகிறது. ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளர்கள் தோட்டக் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் மரவள்ளியும் முருங்கையும் வைத்திருக்கிறார்கள். காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 341ஆம் பிரிவுப்படி, எத்தனை காலம் அனுபவித்திருந்தாலும் பட்டாக்காரர் வழக்குத் தொடுப்பதை அது தடுக்காது. ஆகவே சட்டத்தை ஓரம் வைத்துவிட்டுக் கேட்கிறேன்: அரசே வேண்டாம் என்கிற அரசின்மைவாதிகள் இந்தக் கொல்லையை யார் கையில் கொடுப்பார்கள்?

வாத்தியார் மகள்:
‘சொத்து என்பது திருட்டு’ என்று 1840இல் எழுதிய பிரெஞ்சு அரசின்மைவாதி புரூதோனிடமிருந்து தொடங்குவோம். பீப்பாய் செய்பவரின் மகன், அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தவர். குடிசையையும் கொல்லையையும் அவர் பறிக்க வரவில்லை. உழுகிறவரின் அனுபோகம் வேறு, உழைக்காமல் வாடகையும் குத்தகையும் வட்டியும் வசூலிக்கும் உடைமை வேறு என்று பிரித்தார். அவர் சாடியது பின்னதைத்தான். அமெரிக்காவின் பெஞ்சமின் டக்கரும் அதே வழிதான்: குடியிருந்து பயன்படுத்துகிறவருக்கே நிலம். இந்த இருவரிடமும் போனால் கொல்லை முருங்கை வைத்தவருக்கு.

சிங்கப்பூர் சம்பளம்:
தங்கச்சி, என் கதையைக் கேளுங்கள். சிப்புட்டில் ஒரு வரிசை வீடு வாங்கினேன். தவணை கட்டுவதற்காகச் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். வீட்டில் வாடகைக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. டக்கர் சொல்வதை ஏற்றால் நாளைக்கே அந்த வீடு அவர்களுடையது. கடன் மட்டும் என்னுடையது! கடல் தாண்டிப் பிழைக்கப் போகிறவனுக்கு இதில் என்ன நியாயம்?

அரசின்மைவாதிகளில் தனிச்சொத்தை ஆதரிக்கும் முர்ரே ராத்பார்ட் போன்றவர்களும் உண்டு. யாரும் தொடாத நிலத்தில் முதலில் உழைப்பைக் கலந்தவர் உரிமையாளர். அவர் விற்றால் வாங்கியவர் உரிமையாளர். ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உரிமை போகாது.

வாத்தியார் மகள்:
ராத்பார்ட்டை அரசின்மைவாதி என்றே ஒப்புக்கொள்ளாதவர்கள் பலர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணா. உங்கள் வீட்டு விஷயத்தில் டக்கர் தடுமாறுவார், மறுக்கவில்லை. எத்தனை நாள் வெளியூரில் இருந்தால் உரிமை போகும் என்பதற்குச் சரியான கணக்கு அவர்களிடம் கிடையாது. ஊர் வழக்கம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட வேண்டியதுதான்.

ரஷ்ய அரசின்மைவாதி குரோப்போட்கின் இன்னும் ஒரு படி மேலே போகிறார். பாரிஸில் ஒரு வீட்டுக்கு விலை ஏறுவது அதன் சொந்தக்காரரால் அல்ல, தலைமுறைகளாக அந்த நகரத்தைக் கட்டி எழுப்பியவர்களால் என்றார். நம் சாலையோர நிலம் ஏன் இன்று இந்த விலை? ரயில், பள்ளி, கடைத்தெரு. இவற்றில் எதைப் பட்டாக்காரர் தனியாகக் கட்டினார்? ஆனால் தன் கையால் பாடுபடும் அளவுக்கு மட்டும் நிலம் வைத்திருப்பவரை அவரும் தொடமாட்டார்.

பழைய கிராணி:
உழைப்பைக் கலப்பது என்ற பேச்சு ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கிடமிருந்து வந்தது. ‘என் வேலைக்காரன் வெட்டிய புல்தரையும் என் சொத்து’ என்று அதே இடத்தில் எழுதியவரும் அவரே. துரைமாருக்கு இதைவிட இனிப்பான வரி உண்டா? காட்டை வெட்டியது யாரோ, சொத்து யாருக்கோ.

கூலி கொடுத்தாயிற்றே என்பீர்கள். நான் செக்ரோல், அதாவது சம்பளப் பதிவேடு, எழுதினவன். பெயர், பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) வந்த நாள், அதற்குப் பக்கத்தில் முன்பணம், அரிசி என்று பற்று; கடைசிக் கட்டத்தில் கைக்கு வரும் தொகை. சில மாதம் அந்தக் கடைசிக் கட்டத்தில் ஒரு கோடுதான் போடுவேன். அதற்கும் முந்திய தலைமுறை ஒப்பந்தக் கூலியாகவும் ஆள் திரட்டி வந்த கங்காணியின் கடன்காரராகவும் வந்தது. ஒப்பந்த முறை 1910இல் ஒழிந்தது, கங்காணி முறைக்கு 1938 வரை ஆயுள் இருந்தது. இதைச் சுதந்திரமான கூலி ஒப்பந்தம் என்று ராத்பார்ட்டே சொல்லுவாரா? நிலப்பிரபு பறித்த நிலம் அதில் பாடுபட்ட விவசாயிக்குத்தான் திரும்ப வேண்டும் என்பது அவருடைய வாதம்.

லயத்துப் பிள்ளை:
ஐயா, கூட்டுறவு வழியை விட்டுவிட்டீர்களே. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற துண்டாடல் காலத்தில், 1960இல், நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் பங்குப் பணத்தில் தோட்டங்களை வாங்கினார்கள்.

பழைய கிராணி:
பெரிய காரியம், மறுக்கவில்லை. அது இல்லாவிட்டால் இன்னும் பல குடும்பங்கள் தெருவுக்கு வந்திருக்கும். ஆனால் பங்குச் சான்றிதழ் பெட்டியில் இருந்தாலும் விடியலில் பெரட்டு பெரட்டுதான், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் மண்டோர்தான். புரூதோன் கேட்டது உழைக்கிறவர்களே நடத்தும் தொழில். வட்டியில்லாக் கடனுக்காக 1849இல் அவர் தொடங்கிய மக்கள் வங்கியும் சில மாதங்களிலேயே மூடப்பட்டது. அவரைச் சிறையில் போட்டார்கள்.

சிங்கப்பூர் சம்பளம்:
சரி, முதல் உழைப்பைத் தேடிப் போவோம் என்கிறீர்கள். எங்கே நிறுத்துவீர்கள்? நம் பாட்டன் வெட்டிய காட்டில் அவருக்கு முன்பே தெமியார் பழங்குடி மக்கள் இருந்தார்கள். ஓராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடி மக்களின் மரபு நில உரிமையை இந்த நாட்டு நீதிமன்றமே ஏற்றிருக்கிறது. டெங்கில் வட்டாரத்துத் தெமுவான் மக்கள் தொடுத்த சாகோங் தாசி வழக்கில் 2002இல் உயர் நீதிமன்றமும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தன. அப்படியானால் முருங்கையும் நமக்கில்லை.

வாத்தியார் மகள்:
அது நியாயமான அடி. தெமியாருக்குச் சேர வேண்டியது இருந்தால் சேரட்டும். ஆனால் அவர்கள் பெயரைச் சொல்லி வீடமைப்பு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுப்பது எந்தக் கணக்கு?

சிங்கப்பூர் சம்பளம்:
பறித்தவர் யார், பறிகொடுத்தவர் யார் என்று நிரூபிக்க முடியாதபோது, இப்போது குற்றமில்லாமல் கையில் வைத்திருப்பவருக்கே உரிமை. ராத்பார்ட் அங்கேதான் நிற்கிறார். பழைய செக்ரோல் யாரிடமாவது இருக்கிறதா?

பழைய கிராணி:
தோட்டம் விற்கிறபோது மரத்தை எண்ணுவார்கள், லாரியை எண்ணுவார்கள். செக்ரோலை யார் கேட்டார்கள்?

லயத்துப் பிள்ளை:
ஆக, அரசு இல்லாவிட்டாலும் ஆதாரம் காட்டும் பாரம் தொழிலாளி தலையில்தான். அதிகாரியைத் தூக்கிவிட்டு அலுவலகத்தை மட்டும் வைத்துக்கொள்கிறீர்கள் அண்ணா.

வாத்தியார் மகள்:
கையில் வைத்திருப்பவர் என்றால் யார்? தினமும் முருங்கை ஒடிப்பவரா, கோலாலம்பூரில் பட்டாவைப் பூட்டி வைத்திருப்பவரா?

சிங்கப்பூர் சம்பளம்:
பட்டாக்காரர்தான். என் வீட்டையும் மனத்தில் வைத்துத்தான் சொல்கிறேன், ஒளிக்கவில்லை. கொல்லைக்கு இழப்பீடு கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். நிலத்தையே கேட்டால் போடமாட்டேன்.